நீலகிரியில் தாது வளம் உண்டா? பாறை, மண், ஓடை காட்டும் அடையாளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கமிருந்து யாராவது ஒருவர் கையில் கல்லோடு வந்து கேட்கும் கேள்விகள் இவை. சிலருக்குத் தங்க ஆசை. சிலருக்குத் தங்கள் ஊரில் சுரங்கம் வந்துவிடுமோ என்ற பயம். இரண்டு தரப்பும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் என்பதால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கல்லில் தங்கம் இருந்தால் அது தங்கத் தாதுதானே?

இல்லை. எந்தக் கல்லை எடுத்தாலும் அதில் கொஞ்சம் தங்கம் இருக்கும். பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 2 மில்லிகிராம் அளவில் தங்கம் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பவுன், அதாவது 8 கிராம் எடுக்க 4000 டன் கல் உடைக்க வேண்டும். யாருக்குக் கட்டும்?

எடுத்தால் கட்டுபடியாகும் அளவுக்கு உலோகம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாறைக்குத் தாது என்று பெயர். நிலத்தடிச் சுரங்கத்தில் தங்கம் எடுக்க டன்னுக்குச் சில கிராமாவது வேண்டும். சராசரியைவிட ஆயிரம் இரண்டாயிரம் மடங்கு சேர்ந்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம். செம்புக்கு ஏறக்குறைய நூறு மடங்கு போதும். அலுமினியம் மேலோட்டிலேயே 8 சதவீதம் இருப்பதால் மூன்று மடங்கு கூடினாலே பாக்சைட் என்ற அலுமினியத் தாது ஆகிவிடும்.

ஒரு வட்டாரத்தின் தாது வளத்தைப் பற்றிப் பேசும்போது நாம் உண்மையில் தேடுவது இந்தச் சேர்க்கையைத்தான். எது சேர்த்தது, எங்கே சேர்த்தது, சேர்த்தது இன்னும் அங்கேயே இருக்கிறதா? கீழே வரும் அடையாளங்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் சொல்பவை.

இவ்வளவு பெரிய மலை, முழுக்கப் பாறை. உள்ளே ஏராளமாக இருக்காதா?

மலை பெரிதாக இருப்பதற்கும் தாது இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. பாறை எந்த வகை, எவ்வளவு ஆழத்தில் உருவானது என்பதுதான் முக்கியம்.

நீலகிரியின் உடம்பு பெரும்பாலும் சார்னோகைட். ஊட்டி சாலையோரம் வெட்டிய இடங்களில் எண்ணெய் தடவியது போல் பச்சை கலந்த கருமையில் தெரிகிற அந்தக் கல்தான். பல்லாவரத்திலும் இதே வகைதான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குப் போட்டிருந்த கல்லை வைத்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். நீலகிரிப் பாறைகள் இந்த வடிவத்துக்கு வந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் உள்ள கார்னெட், பைராக்சீன் போன்ற கனிமங்களைக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிட்டால், இன்று தொட்டபெட்டாவில் 2637 மீட்டர் உயரத்தில் நிற்கிற இந்த வகைப் பாறை ஒரு காலத்தில் 25, 30 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் கிடந்தது என்று தெரிகிறது.

தங்கத்தைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி இல்லை. தங்கத்தைச் சுமந்து போவது பாறைக்குள் ஓடும் வெந்நீர். பாறை ஏறக்குறைய 500 டிகிரிக்குச் சூடாகும்போதே அதில் கட்டுண்டிருந்த நீர் பெரும்பாலும் பிரிந்து மேலே போய்விடும். சோற்றை வடித்தால் உப்பும் கஞ்சியோடு போய்விடுவது மாதிரி, தங்கமும் கந்தகமும் ஆர்சனிக்கும் அந்த நீரோடு சேர்ந்து மேலேறிவிடும். மேலேறிய நீர் கொஞ்சம் குளிர்ந்த இடத்தில், விரிசல் கிடைத்த இடத்தில், தங்கத்தை இறக்கி வைக்கும். நீலகிரிக்கு மேலே அப்படி இறக்கி வைத்த அடுக்கு ஏதாவது இருந்திருந்தால் அது எப்போதோ அரித்துக் கடலுக்குப் போயிருக்கும். நமக்கு மிஞ்சியிருப்பது வடிந்துபோன அடிப்பகுதி. விதிவிலக்குகள் உலகில் உண்டு. ஆனால் தேடப் போகிறவர் முதலில் சார்னோகைட்டில் இறங்க மாட்டார்.

அப்புறம் தேவாலா, பந்தலூரில் மட்டும் தங்கம் எப்படி வந்தது?

அங்கே பாறை மாறுகிறது. ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கினால், மேலே இருந்த மலைத்தொகுதி முடிந்து வயநாட்டுப் பாறைகள் தொடங்குகின்றன. ஹார்ன்பிளெண்ட் நைஸ், ஆம்பிபோலைட், மைக்கா ஷிஸ்ட் என்று அவற்றுக்குப் பெயர். இவற்றில் ஆம்பிபோலைட் ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பாக இருந்தது. நீர் பிடித்து வைக்கக்கூடிய கனிமங்கள் இந்த வகைப் பாறைகளில் இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது விஷயம் மாயாறு. முதுமலைக்கும் மசினகுடிக்கும் பக்கத்தில் அந்த ஆறு ஏன் அவ்வளவு நேராக, அவ்வளவு ஆழமாக வெட்டிக்கொண்டு போகிறது என்று யோசித்திருப்பீர்கள். அது ஓடுவது ஒரு பழைய வெட்டு மண்டலத்தின் மேல். பூமியின் மேலோட்டில் இரண்டு பெரும் துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த இடம் அது. பல கி.மீ. அகலத்துக்குப் பாறை நசுங்கி, இழுபட்டு, தகடு தகடாகிக் கிடக்கிறது. தெற்கே பவானி ஓரத்திலும் இதே மாதிரி இன்னொன்று உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் தூக்கி நிறுத்தப்பட்டதுதான் நீலகிரி.

நசுங்கிய பாறையில் வெந்நீர் ஓட வழி கிடைக்கும். ஓடிய நீர் விட்டுப்போன தடம்தான் வெள்ளை வெளேரென்று தெரிகிற வெங்கச்சங்கல் கொடிகள், அதாவது குவார்ட்ஸ் ரீஃப்கள். தங்கம் இருப்பது அவற்றிலும் அவற்றை ஒட்டிய பாறையிலும்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெங்கச்சங்கல் என்பது எங்கும் உண்டு. கோயம்புத்தூர் வரப்பில்கூடக் கிடக்கும். தனியாக அதைக் கண்டால் எதுவும் சொல்ல முடியாது. கூட யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொடியின் ஓரத்தில் பாறை நிறம் மாறிப் குளோரைட் என்ற பச்சைக் கனிமமாகவோ வெளுத்த மைக்காவாகவோ (காக்காப்பொன்) ஆகியிருக்கிறதா? கல்லுக்குள் சதுரம் சதுரமாகப் பொந்துகள் இருந்து அவற்றில் துரு படிந்திருக்கிறதா? அப்படியென்றால் அங்கே ஒரு காலத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருந்து மழையில் கரைந்து போயிருக்கிறது. கொடி ஒரே தடவையில் உருவானதா, அல்லது உடைந்து மீண்டும் மீண்டும் ஒட்டியதா? பட்டை பட்டையாகச் சாம்பல் கோடுகள் ஓடுகிற, புகை நிறம் கலந்த கொடியில் எனக்கு நம்பிக்கை அதிகம். பால் மாதிரி சுத்தமாக, ஒரு கறையும் இல்லாமல் இருக்கிற அழகான கொடி பெரும்பாலும் வெறும் கல்.

வெள்ளைக்காரன் அப்போதே சுரங்கம் தோண்டினானே. நிறைய இருந்தது, மூடி மறைத்துவிட்டுப் போனான் என்கிறார்களே?

இந்தக் கதை பந்தலூர் டீக்கடையில் இன்றும் ஓடுகிறது. நடந்ததைச் சொல்கிறேன். மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

அந்தப் பக்கத்துப் பழங்குடியினர் ஓடைகளில் தங்கம் அரிப்பது வெகுகாலப் பழக்கம். பழைய குழிகளும் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு ஆசை வந்தது. 1870களில் ஆல்ஃபா என்ற கம்பெனி தேவாலா அருகே தோண்டிப் பார்த்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1875இல் ஒரு குறிப்பு எழுதினார். 1877இல் தென்கிழக்கு வயநாடு, அதாவது இந்தக் கூடலூர், பந்தலூர் பகுதி, நீலகிரி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித் என்பவரை அரசு வரவழைத்தது. அவருடைய அறிக்கை 1880இல் வெளிவந்தது. நம்பிக்கையூட்டும் அறிக்கை. லண்டனில் அடுத்தடுத்துக் கம்பெனிகள் முளைத்தன. காப்பித் தோட்டங்கள் நோயில் நொடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தோட்டக்காரர்கள் நிலத்தைத் தங்க நிலமென்று நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பங்குப் பணத்தில் பெரும்பகுதி நிலம் வாங்குவதிலேயே போனது. மிச்சத்துக்குப் பாறை இடிக்கும் இயந்திரங்கள் கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் மலையேறின.

இயந்திரம் ஓடியபோது வந்த தங்கம் எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்குதான். இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் இங்கே நான் எழுதுவதிலேயே முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். தங்கம் பாறைக்குள் உப்பு கரைந்தது போல் சமமாகப் பரவியிருக்காது. ஒரு கல்லில் கண்ணுக்குத் தெரியும் துணுக்கு இருக்கும். ஒரு முழம் தள்ளி எடுத்த கல்லில் ஒன்றுமே இருக்காது. துணுக்கு விழுந்த கல்லைச் சோதித்தால் டன்னுக்கு 50 கிராம் என்று வரும். விழாத கல்லில் 0.1 கிராம்கூட வராது. மனிதர்கள் சோதிக்க எடுத்துப் போவது எந்தக் கல்லை? மின்னுகிற கல்லைத்தான். ஆகவே கையால் பொறுக்கிய மாதிரிகள் எப்போதும் பொய்யான வளத்தைக் காட்டும். டன் கணக்கில் இடிக்கும்போதுதான் உண்மையான சராசரி வெளியே வரும். அதற்குள் இயந்திரம் வாங்கியாகிவிட்டது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஊர் மழை. கொடியின் மேல்பகுதியில் பைரைட் துருப்பிடித்துக் கரைந்து போகும்போது அதற்குள் சிக்கியிருந்த தங்கம் விடுபட்டு அங்கேயே தங்கும். கல்லும் உளுத்துப்போய் லேசாகிவிடும். அதனால் தரைக்குக் கீழே சில மீட்டர் வரை தங்கம் அதிகமாகவும், எளிதாக எடுக்கக்கூடியதாகவும் இருக்கும். அதற்குக் கீழே பைரைட் அப்படியே இருக்கிறது. தங்கம் அதற்குள் பூட்டிக் கிடக்கிறது. அன்றைக்குப் பாதரசத்தை வைத்து அதைப் பிடிக்க முடியவில்லை. தங்கத்தைக் கரைத்துப் பிரிக்கும் சயனைடு முறை வந்தது 1880களின் பிற்பகுதியில். அதற்குள் இங்கே கடை கட்டியாயிற்று.

சயனைடு இருந்திருந்தால் வயநாடு பிழைத்திருக்குமா? கொஞ்ச காலம் இழுத்திருக்கலாம். கொடிகள் மெல்லியவை, விட்டு விட்டு ஓடுபவை. என் கணிப்பில் பெரிய சுரங்கத்துக்கு அது போதாது.

கோலாரும் அதே காலத்தில்தானே தொடங்கியது? அங்கே மட்டும் எப்படி நூறாண்டுக்கு மேல் ஓடியது?

சரியான கேள்வி. கோலாரும் முதலில் கிட்டத்தட்ட மூடப்படும் நிலைக்குப் போனதுதான். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இறங்கியது, பணம் தீர்ந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் ஆழம் போய்ப் பார்ப்போம் என்று தோண்டியதில் சாம்பியன் ரீஃப் என்ற கொடி அகப்பட்டது. பிறகு 2001இல் மூடும் வரை 800 டன் அளவில் தங்கம் தந்தது. சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழத்துக்குப் போனது.

இதை வைத்து "நம்மாட்களும் இன்னும் ஆழம் போயிருந்தால்..." என்று சொல்லக் கூடாது. கோலார் இருப்பது ஒரு பசும்பாறைப் பட்டையில். 80 கி.மீ. நீளம், சில கி.மீ. அகலம், பழைய எரிமலைப் பாறைகளால் ஆனது, அளவான சூட்டோடு நின்றுவிட்டது. தங்க நீர் உருவாகவும், ஓடவும், இறக்கி வைக்கவும் வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில். சாம்பியன் ரீஃப் பல கி.மீ. நீளத்துக்கு அறாமல் ஓடிய கொடி. வயநாட்டுப் பக்கம் ஆம்பிபோலைட் இருப்பது சிறு சிறு துண்டுகளாக. துண்டான பாறையில் கொடியும் துண்டாகத்தான் ஓடும்.

எங்கள் ஓடை மணல் வெயிலில் தங்கமாக மின்னுகிறது. எங்கே காட்டுவது?

முதலில் நீங்களே பார்த்துவிடலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது உளுத்துப்போன கருப்பு மைக்கா. பயோடைட் என்ற அந்த மைக்கா மழையில் வெளுத்தால் அசல் பொன்னிறம் வந்துவிடும். நகத்தால் கிள்ளினால் இதழ் இதழாகப் பிரியும். தண்ணீரைச் சுழற்றினால் மணலுக்கும் மேலே மிதந்து வெளியே ஓடும்.

தங்கம் அப்படி ஓடாது. குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65. தங்கத்தின் அடர்த்தி 19.3. தட்டில் மணலும் தண்ணீரும் போட்டு அரித்தால் முதலில் வெள்ளை மணல் போகும், அப்புறம் சிவப்புக் கார்னெட் போகத் தொடங்கும், கடைசியில் காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்கிற கருமணல் தங்கும். தங்கம் இருந்தால் அந்தக் கருமணலுக்கும் பின்னால், தட்டின் விளிம்பை ஒட்டி, அசையாமல் கிடக்கும். வெயிலில் பிடித்தாலும் நிழலில் பிடித்தாலும் ஒரே மஞ்சள். வெயிலில் மட்டும் பளிச்சென்று மின்னி, நிழலில் மங்கினால் அது மைக்கா.

கல்லுக்குள் பித்தளை நிறத்தில் கட்டம் கட்டமாக இருந்தால் பைரைட்டாக இருக்கும். வீட்டில் டைல்ஸ் துண்டு இருந்தால் அதன் பின்பக்கம், மெழுகில்லாத பக்கத்தில் உரசுங்கள். பைரைட் பச்சை கலந்த கருங்கோடு போடும். தங்கம் மஞ்சளாகவே கோடு போடும். சுத்தியலால் தட்டினால் பைரைட் நொறுங்கும், தங்கம் தட்டையாகும்.

ஓடையில் நிஜமாகவே ஒரு துணுக்குத் தங்கம் அகப்பட்டாலும், அது மேலே எங்கோ ஒரு கொடி இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கூடலூரிலிருந்து இறங்கும் பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து, கேரளத்தின் நிலம்பூர் வரை தங்கப் பொடியைக் கொண்டுபோகிறது. அங்கே மணல் அரித்துப் பிழைத்தவர்கள் உண்டு. பல கி.மீ. தாண்டியும் துணுக்கு போகும். துணுக்கு உருண்டு வழவழவென்று இருந்தால் தூரத்திலிருந்து வந்தது. முனை முறியாமல், கம்பி போலவோ குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டோ இருந்தால் கொடி பக்கத்தில்தான்.

எங்கள் நிலம் முழுக்கத் துருப்பிடித்த மாதிரி சிவப்புப் பாறை. அடியில் இரும்பு இருக்கிறதா?

பெரும்பாலும் அது செம்புரைக்கல், லேட்டரைட். கனமழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் எந்தப் பாறை உளுத்தாலும் கடைசியில் இப்படித்தான் வந்து நிற்கும். அடியில் விசேஷமான எதுவும் தேவையில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கந்தகத் தாது உளுத்தாலும் மேலே துருத் தொப்பி ஒன்று உருவாகும். அதைக் கோசான் என்பார்கள். உலகில் பல பெரிய செம்பு, ஈயச் சுரங்கங்கள் அந்தத் தொப்பியைக் கண்டுதான் தொடங்கின. ராஜஸ்தானின் வறண்ட குன்றில் கோசான் கண்ணில் குத்தும். நம் மலையில் எல்லாமே சிவப்பு என்பதால் அது கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். உடைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கோசானுக்குள் கரைந்துபோன கனிமத்தின் வடிவத்திலேயே மெல்லிய சுவர்களோடு அறை அறையாக இருக்கும். செம்புரைக்கல்லில் ஒழுங்கற்ற குழல்களும் குமிழ்களும் தான். உறுதியாகச் சொல்ல ஆய்வகத்தில் செம்பு, ஈயம், ஆர்சனிக் பார்க்க வேண்டும்.

இரும்புக்கு வேறு அடையாளம். நீலகிரிச் சார்னோகைட்டின் நடுவே காந்தக் கனிமம் கலந்த குவார்ட்சைட் பட்டைகள் சில இடங்களில் உண்டு. திசைகாட்டி முள் தடுமாறும். சேலத்துக் கஞ்சமலையில் இருப்பதும் இந்த வகைதான், ஆனால் அங்கே மலையளவு. இங்கே பட்டையளவு.

பாக்சைட் இருக்கிறதாமே?

இருக்கிறது. நீலகிரிக்குள்ளேயே உருவான தாது என்று துணிந்து சொல்லக்கூடியது அதுதான். அதைச் சேர்த்தது வெந்நீர் கிடையாது, மழைநீர். சார்னோகைட்டில் உள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து சோடியமும் கால்சியமும் முதலில் கரையும், அப்புறம் சிலிக்கா கரையும், கரையாத அலுமினியம் கிப்சைட் என்ற வெளிர் கனிமமாக மிஞ்சும்.

இதற்கு நான்கும் சேர்ந்து அமைய வேண்டும்: நிறைய மழை, தண்ணீர் தேங்காமல் வடிகிற உயரமான மேடு, அரித்துக்கொண்டு போகாத தட்டையான உச்சி, அப்புறம் கோடிக்கணக்கில் ஆண்டுகள். சரிவான பக்கத்தில் உளுத்த மண் நிற்காது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் சிலிக்கா வெளியேறாமல் களிமண்ணாகிவிடும். ஆகவே பாக்சைட் தேடுபவர் பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டு உச்சிகளைப் பார்ப்பார். ஏற்காடு, கொல்லிமலை உச்சிகளில் எடுத்த பாக்சைட்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. கொடைக்கானல் மேல்மலையிலும் கொஞ்சம் உண்டு. நீலகிரியில் இருப்பவை தனித்தனித் திட்டுகள்.

எடுக்க வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உச்சியில் இருக்கும் இந்த உளுத்த மேல்மண்தான் மழையைக் குடித்து வைத்து ஓடைகளுக்கு விடுகிறது. அதே மண்தான் அளவுக்கு மீறிக் குடித்தால் சரிந்தும் விழுகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் நடந்ததை மறக்க முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த உச்சியைச் சீவிவிட்டு அடுத்த மழையை எப்படி எதிர்கொள்வது?

ஜீப்பில் வந்து ஓடை மண்ணைப் பையில் எடுத்துப் போனார்கள். சுரங்கம் வரப்போகிறதா?

பயப்பட ஒன்றுமில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுக்கச் செய்கிற வேதி வரைபட வேலை அது. நிலத்தைக் கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிற்றோடை வண்டலை எடுத்து, நான்கு கட்டத்து மண்ணைக் கலந்து ஒரு மாதிரியாக்கி, அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களை அளப்பார்கள். ஓடை வண்டல் என்பது மேலே உள்ள சரிவு முழுவதின் சாரம் என்பதால் ஒரு கைப்பிடி மண்ணில் ஒரு பெரிய பரப்பைப் படிக்கலாம்.

இதில் தங்கத்தைவிட அதன் கூட்டாளிகள்தான் நல்ல தடயம். தங்கம் துணுக்காக இருப்பதால் ஒரு பையில் விழும், அடுத்த பையில் விழாது. ஆர்சனிக், ஆன்டிமனி, டங்ஸ்டன் ஆகியவை இன்னும் சீராகப் பரவும். ஒரு ஓடையில் ஆர்சனிக் கூடி, மேலே போகப் போக இன்னும் கூடி, ஒரு கிளை ஓடை சேரும் இடத்துக்குப் பிறகு சட்டென்று குறைந்தால், தடம் அந்தக் கிளையில் இருக்கிறது என்று பிடித்துவிடலாம். தேயிலைத் தோட்டம், பழைய குப்பைக் குழி, பேட்டரி ஆகியவற்றிலிருந்து வருகிற உலோகத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் இங்கே பெரிய தலைவலி.

இது ஆரம்பப் படிதான். ஆய்வு நிலைகளை ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று வரிசைப்படுத்துவார்கள். ஜி4 மேலோட்டமான தேடல். ஜி1க்கு வரும்போது நெருக்கமாகத் துளையிட்டு அளவும் தரமும் கணக்காகியிருக்கும். ஜி4இல் தொடங்குகிறவற்றில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும்.

மரம் செடியைப் பார்த்தே தாது கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

முழுப் பொய் இல்லை. ஆப்பிரிக்காவில் செம்பு மிகுந்த மண்ணில் மட்டும் வளர்கிற பூச்செடி உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013இல் யூகலிப்டஸ் இலைக்குள் தங்கத் துகள்களைக் காட்டினார்கள். 30 மீட்டர் ஆழத்திலிருந்து வேர் உறிஞ்சிக் கொண்டுவந்தது. உடனே நம் ஊர்க் கற்பூர மரத்து இலையைப் பறிக்கப் போகாதீர்கள். அங்கே வறட்சி, தண்ணீருக்காக வேர் அவ்வளவு ஆழம் போனது. இங்கே மேல்மண்ணிலேயே ஈரம் இருக்கும்போது அது ஏன் கீழே போகப் போகிறது?

கரையான் புற்று அதைவிட உபயோகம். அடிமண்ணை மேலே கொண்டுவந்து கொட்டுவதால் துளையிடாமலேயே மாதிரி கிடைக்கும். கூடலூர் பக்கத்துக்கு இது பொருந்தும், ஊட்டிக்கு இல்லை.

தேவாலாப் பக்கம் இப்போதும் ரகசியமாக எடுக்கிறார்கள். நாமும் சொந்த நிலத்தில் எடுக்கலாமா?

கூடாது. நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் 1957ஆம் ஆண்டுச் சுரங்கம் மற்றும் கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். காட்டு நிலமென்றால் வனச் சட்டங்களும் சேரும்.

சட்டத்தை விடுங்கள், உயிர் முக்கியம். பழைய குழிகளும் குகைகளும் உளுத்த மண்ணில் வெட்டியவை. முட்டுக்கொடுத்த மரம் எப்போதோ மக்கிவிட்டது. அடியில் காற்றோட்டம் இல்லாமல் பிராணவாயு குறைந்திருக்கும், இறங்கியவர் கூப்பிடக்கூட முடியாமல் மயங்கிவிடுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் அப்படியே விழுவார். கிடைக்கிற பொடியைப் பாதரசத்தில் சேர்த்து அடுப்பில் சுடுகிறார்களே, அந்தப் புகை அதே வீட்டுப் பிள்ளைகளின் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. மிச்சம் ஓடைக்கும் மீனுக்கும் போகிறது. இவ்வளவுக்கும் அவர்கள் கையில் நிற்பது வாராவாரம் கூலி அளவுக்கு ஏதோ கொஞ்சம். லாபமெல்லாம் அதை விலைக்கு வாங்குகிறவருக்கு.

அடிவாரத்தில் பிளாட்டினம் என்று கேள்விப்பட்டேன்?

மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் பக்கத்தில், பவானி வெட்டு மண்டலத்தை ஒட்டி, கருமையான கனத்த பாறைகள் உண்டு. மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டிலிலிருந்து வந்த குழம்பு உறைந்தவை. மல்லநாயக்கன்பாளையம், கரப்பாடி பகுதிகளில் பிளாட்டினம், பல்லேடியம் வகை உலோகங்களுக்காக ஆய்வுத் துறை தேடியிருக்கிறது. நாமக்கல் அருகே சித்தம்பூண்டியிலும் அப்படியே. குரோமியத் தாதுவான குரோமைட் பட்டையும் நிக்கல், செம்புக் கந்தகமும் சேர்ந்து வருவது அங்கே அடையாளம். ஆய்வு என்றால் சுரங்கம் என்று எண்ண வேண்டாம்.

பழனி மலை?

ஏறக்குறைய நீலகிரியின் கதைதான். சார்னோகைட், உச்சியில் கொஞ்சம் பாக்சைட். தங்கத்துக்கு வயநாடு மாதிரி ஓரம் அதற்கு இல்லை.

சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வட்டாரத்துக்கு எப்படி மதிப்புப் போடுகிறார்கள்?

அடையாளங்களைத் தனித்தனியாக எண்ணிக் கூட்டுவதில்லை. முதலில் வரைபடத்தில் எந்தெந்தப் பரப்பில் எந்த வகைத் தாது இருக்க வாய்ப்பு என்று கோடு போடுவார்கள். பாறை, வெட்டு மண்டலம், காந்த அளவு, ஈர்ப்பு அளவு, ஓடை வண்டல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்படும். அடுத்து, உலகில் அதே வகைத் தாதுக்கள் சாதாரணமாக எவ்வளவு பெரிதாக, எவ்வளவு தரத்தோடு இருக்கின்றன என்று பார்ப்பார்கள். கடைசியாக, இந்தப் பரப்பில் அப்படி இன்னும் எத்தனை இருக்கக்கூடும் என்று ஊகிப்பார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை பழக்கத்துக்குக் கொண்டுவந்த மூன்று படி முறை இது.

ஒரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. ஒரு வட்டாரத்தின் மொத்த உலோகத்தில் பெரும்பகுதி ஒன்றிரண்டு பெரிய படிவுகளில்தான் இருக்கும். நூறு இடத்தில் தங்கத் துணுக்கு அகப்பட்டாலும் அந்த ஒன்று இல்லாவிட்டால் வட்டாரம் ஏழைதான். கூடலூர்ப் பக்கம் தங்கம் தெரிகிற இடங்களுக்குக் குறைவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேடியும் ஒரு சாம்பியன் ரீஃப் வெளிப்படவில்லை. ஆகவே என்னைக் கேட்டால் நீலகிரியின் உடம்பு வறியது, மேற்கு ஓரத்தில் தங்கம் உண்டு ஆனால் சிதறல், உச்சியில் பாக்சைட் உண்டு ஆனால் தொடக் கூடாது.

என்னிடம் ஒரு கல் இருக்கிறது. எப்படிக் கொண்டுவருவது?

கழுவாமல் கொண்டுவராதீர்கள், பாசியும் மண்ணும் ஒட்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பக்கமாவது புதிதாக உடைத்த முகம் வேண்டும். எங்கே எடுத்தீர்கள் என்பதைச் செல்போனில் இடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து உடைத்ததா, ஓடையில் உருண்டு கிடந்ததா, ரோடு போடக் கொட்டிய ஜல்லியில் பொறுக்கியதா என்பதையும் எழுதுங்கள். இந்த மூன்றாவது வகைதான் அதிகம் வருகிறது, அது எந்த ஊர்க் குவாரியோ யாருக்குத் தெரியும். மின்னுகிற கல்லோடு, அதே இடத்தில் மின்னாத இரண்டு கல்லும் எடுத்து வாருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்குத் தனி அலுவலகம் உண்டு, அங்கேயே நேராகக் காட்டலாம். பணம் கொடுத்தால் தங்கச் சோதனை செய்து தருகிறோம் என்று போனில் வருகிறவர்களிடம் கல்லையும் கொடுக்க வேண்டாம், காசையும் கொடுக்க வேண்டாம்.